விட்டு விட்டு எரியுது

"மறுபடியும் விட்டு விட்டு எரியுதும்மா!"

காரை விட்டு இறங்கும்போதே பெரியவர் சொல்லிவிட்டார். அதுவும் மெதுவாகவா? கார் எலெக்ட்ரிக் கடையில் காத்திருந்த டாக்சிக்காரரின் காதில் நன்றாக விழும்படி.

கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரில் எல்.இ.டி. ஹெட்லைட் மாட்டியதிலிருந்து இந்த மனிதர் திரும்பி வருவது இது நாலாவது தடவை. அவள் புருஷன் வேறு சாமான் வாங்கப் போயிருந்தான்.

"போன வாரம்தானே சார் சரி பண்ணிக் குடுத்தோம்?"

"குடுத்தீங்க. ரெண்டு நாள் நல்லா எரிஞ்சுது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு."

டாக்சிக்காரர் மெல்ல எழுந்தார். "நான் நாளைக்கு வர்றேன்க்கா" என்றவர், வண்டியை நேராக எதிரில் இருந்த புதுக் கடைக்குள் விட்டார். அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கடை வந்ததிலிருந்தே இங்கே பாதி வேலை இல்லை. இன்னும் நாலு பேர் இப்படி நழுவினால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

பானெட்டைத் திறந்தாள். புருஷனுக்குத் தெரிந்த வேலையில் முக்கால்வாசி அவளுக்கும் அத்துபடி.

"அப்படி என்னதாம்மா கோளாறு?"

"கோளாறு லைட்ல இல்ல சார். உங்க வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பல்பு உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். எல்.இ.டி. கொஞ்சூண்டு கரண்ட்தான் இழுக்கும். அதனால பல்பு போச்சுன்னு சந்தேகப்பட்டு அணைச்சு அணைச்சு எரிய விடும். அதுக்குத்தான் நடுவுல இந்த ரெசிஸ்டர். சும்மா சூடாகிக்கிட்டு, பழைய பல்புதான் இருக்குன்னு வண்டியை நம்ப வைக்கும்."

"நம்ப வைக்க இவ்வளவு பாடா!" என்று சிரித்தார் பெரியவர். பிறகு வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார். "கடை சொந்தமா, வாடகையா? மதியச் சாப்பாடு வீட்டுக்குப் போயா, இங்கேயேவா? தம்பி பத்த வைக்கும்போது கண்ணாடியே போடறதில்லையே, ஏன்?"

ஒவ்வொரு தடவையும் இதே துருவல்தான். புருஷனாவது வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி அனுப்புவானா என்றால், அதுவும் கிடையாது. கிடைத்த ஒன்றிரண்டு வேலையும் அப்படியே கிடக்கும். இவரோடு டெஸ்ட் பார்க்கப் போனால் மட்டும், ஒரு தெரு சுற்றிவர அவனுக்கு அரை மணி நேரம் ஆகும்.

எரிச்சலோடு ரெசிஸ்டரின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

வெறுமனே முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. ஈயத்தை உருக்கி சாலிடர் வைத்த சுவடே இல்லை. அவள் புருஷன் செத்தாலும் சாலிடர் வைக்காமல் ஒரு கம்பியை விடமாட்டான். அந்த விஷயத்தில் அவன் ஒரு பைத்தியம்.

அப்படியானால்? கடை விவரம் துருவுவது, ஆள் இருக்கும்போது பார்த்துக் குறை சொல்வது... அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எதிர்க் கடைக்காரன் அனுப்பித்தானே சார் வர்றீங்க?"

"என்னம்மா சொல்றே?"

"நடிக்காதீங்க. எங்க சாலிடரைப் பிச்செடுத்துட்டு, நீங்களே முறுக்கிட்டு வந்து, நாலு பேர் எதிர்ல எங்க மானத்தை வாங்கறீங்க. இந்த வயசுல இப்படி ஒரு பொழப்பா? ஏன்னு கேட்க ஒரு நாதியில்லாம, நாங்க ரெண்டு பேருமா தூக்கி நிறுத்தின கடை சார் இது. எங்க வயித்துல அடிக்காதீங்க!"

பெரியவர் குனிந்து அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா நான் தொடலைம்மா. எனக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது. அப்போ... தம்பிதான் வேணும்னே அரைகுறையா விட்டிருக்கார்."

"அவரை ஒரு வார்த்தை சொல்லாதீங்க!"

"சொல்லலைம்மா. நான் வர்றது அவருக்குப் பிடிக்கலை போலிருக்கு. வாயால சொல்லியிருக்கலாம்."

அவள் மசியவில்லை. சாலிடரிங் அயர்னைச் சூடாக்கி, இரண்டு பக்கக் கம்பிகளையும் இறுக ஒட்டினாள். ரெசிஸ்டரைப் பிளாஸ்டிக் பக்கம் போகாமல் இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கினாள். சாவியைத் திருப்பியதும் லைட் ஒரே சீராக எரிந்தது.

"இனி இந்த வண்டி ஓடற வரைக்கும் இது மினுக்காது. நீங்களும் இந்தப் பக்கம் வராதீங்க."

"வரமாட்டேம்மா" என்றார் பெரியவர். காரை எடுத்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் புருஷன் வேக வேகமாக வந்தான். "முனையில பெரியவரோட காரைப் பார்த்தேன். கை காட்டினேன், நிக்காமப் போயிட்டார். மறுபடியும் விட்டு விட்டு எரியுதாமா? எப்ப வர்றேன்னார்?"

"இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார்" என்று அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சபாஷ் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் கம்பியை அவர் தொடலை. ஒவ்வொரு தடவையும் நான்தான் சாலிடர் வைக்காம முறுக்கி விட்டேன்."

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? நம்ம கடை பேரை நீங்களே ஏங்க கெடுத்துக்கறீங்க?"

அவன் தெருமுனையையே பார்த்தான்.

"உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு, தனியாப் போய் நின்ன எங்கிட்ட 'நீ என் புள்ளையே இல்ல'ன்னு கதவைச் சாத்தினவர் அவர். லைட் ஒழுங்கா எரிஞ்சா, எங்கப்பா இங்க எதுக்கு வருவார்?"