வருகையாளர் எண்ணிக்கை: 1

ராகு காலம் முடிந்து ஒரு நிமிடம் விட்டு, அவர் ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினார்.

கணினிப் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சர்வர் ஓடத் தொடங்கிவிட்டதாகத் திரையில் பச்சை எழுத்து.

முப்பத்தாறு வருஷம் அரசாங்கப் பொறியாளர். பாலம் கட்டினார், மதகு கட்டினார், போன மாதம் ஓய்வுபெற்றார். தன் வாழ்க்கை வரலாறு இல்லாமல் உலகம் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

யூடியூபைப் பார்த்துத் தானே கட்டிய தளம். மொத்தம் ஒரே ஒரு பக்கம்.

நீளமான பக்கம்.

அதன் அடியில் ஒரு கட்டம். வருகையாளர் எண்ணிக்கை: 1.

அந்த ஒருவர் அவர்தான்.

ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வாட்ஸப் குழுவில் அறிவித்தார். ‘உலகெங்கும் வாழும் தமிழர்களின் பார்வைக்கு: http://localhost’.

பாராட்டு கொட்டியது.

‘முழுக்கப் படிச்சேன் சார். கண் கலங்கிடுச்சு.’

‘மூணாவது பக்கம் பிரமாதம்’ என்று எழுதியிருந்தார் முன்னாள் தலைமைப் பொறியாளர்.

மொத்தம் நாற்பத்தொரு கும்பிடு.

எண்ணிக்கை: 1.

பெங்களூரில் இருக்கும் மகளைப் போனில் பிடித்தார். “மீட்டர் ஓடலம்மா.”

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“அப்பா, அந்த அட்ரஸை யார் அடிச்சாலும் அவங்கவங்க கம்ப்யூட்டர்லதான் போய்த் தேடும். உங்க தளம் உங்க மேஜைய விட்டே இறங்கல. நம்ம வீட்டு வைஃபைல இருக்கிற போன்ல வேணா தெரியும். அதுக்கு ஒரு நம்பர் இருக்கு, எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்.

உலகெங்கும் வாழும் தமிழர்கள், வீட்டு வைஃபைக்குள் வாழும் தமிழர்களாகச் சுருங்கினார்கள். அவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏற்கெனவே படித்துவிட்டார்.

இன்னொருவர் அடுக்களையில் இருந்தார். ஒரு மாதமாக இவர் தட்டிக்கொண்டிருந்தது என்னவென்று ஒரு வார்த்தை கேட்காதவர்.

சீட்டைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டினார். ‘என் வரலாறு’ என்று மேலே எழுதியிருந்தார். வாயால் எதுவும் சொல்லவில்லை. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

திரும்பி வந்து குழுவைத் திறந்தார். மூணாவது பக்கம் பிரமாதமாம். அவருக்கே சிரிப்பு வந்தது. தொப்பை குலுங்கச் சிரித்தார்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

வெகுநேரம் நின்றது.

“ஏங்க.”

“என்ன?”

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டதாப் போட்டிருக்கீங்க. எட்டு. எங்கம்மா மறுபடி மாவு கரைச்சாங்க.”

எண்ணிக்கை: 2.

அவர் ரெண்டை அழித்து எட்டாக்கினார். சேமித்தார்.

கொஞ்சம் யோசித்தார்.

கூறைப்புடவை அரக்கு நிறம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தார். அதை அழித்துவிட்டு, மயில் நீலம் என்று போட்டார்.

சேமித்துவிட்டு, அடுக்களைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.