ராஜா உடைத்த மூக்கு

வயல்வெளியில் உட்கார்ந்திருந்த கல் புத்தரின் மூக்கைப் போன வாரம்தான் சடையன் என்ற கிடா, கொம்பு அரிப்பு தாங்காமல் உரசி உடைத்தது. அதற்குள் பௌத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். சடையன் பதறிப்போய் உடைந்த துண்டின் மேல் படுத்துக்கொண்டது.

"காட்டிக்கொடுத்துடாதீங்க சாமி."

"நான் எதுக்கு வாயைத் திறக்கிறேன்? நீ அசையாம படு" என்றார் புத்தர்.

ஆராய்ச்சியாளர் புத்தரின் முகத்தைத் தடவினார், அளந்தார், கண்ணை மூடி யோசித்தார். பிறகு போனில் யாரிடமோ, "பல நூறு வருஷத்து உடைப்பு. படையெடுத்து வந்த ராஜா யாரோ வாளால வெட்டியிருக்கான்" என்று பூரிப்போடு சொன்னார்.

அவருடைய ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் சடையன் எழுந்து, தாடியைச் சிலுப்பிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"ராஜாவே," என்றார் புத்தர், "அடுத்த தடவை அரிச்சா அந்த வேப்பமரத்து மேல படையெடுங்க."