தாத்தாவோடு ஒரு வேளை

"எங்க தாத்தாகூட ஒரே ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும். வேற ஆசையே எனக்குக் கிடையாது" என்று நான் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டான்.

"சாப்பிடாமப் பேர் வாங்கின மனுஷன்கூடவா? நல்லா இருக்குண்ணே!"

முறைத்தேன். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

நூற்பாலை வாசலில் நிற்பது எங்கள் தாத்தாவின் சிலை. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி அதே வாசலில் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரோடு கிடந்து உயிரை விட்டவர். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு.

அவர் இறந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் பொழுது சாயும்வரை பல்லில் தண்ணீர் படவிட மாட்டோம். சிலையடியில் ஆண்டுதோறும் நான்தான் பேசுவேன். அன்றும் பேசிவிட்டு வந்துதான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

எங்களைப் 'பட்டினிக்காரர் வீடு' என்பார்கள். வேறு வீட்டைச் சொன்னால் அது வசவு. எங்களுக்கு அது பட்டம்.

"நான் சாப்பிட்டேனே" என்றாள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தாவை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். காது மந்தம். பேச்சும் குறைவு.

"யாரோட, அத்தை?" தம்பி அவள் காதருகே குனிந்து கத்தினான்.

"எங்கப்பாவோடதான். அந்தக் கடைசி நாள்."

அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். உண்ணாவிரதக் கொட்டகையைச் சுற்றி ஆட்கள் காவல் நின்றார்கள். பெற்ற பிள்ளையை யார் தடுப்பார்கள்? அம்மாவுக்குத் தெரியாமல் தூக்குவாளி நிறையச் சோறு கொண்டுபோயிருக்கிறாள்.

"வேண்டாம்னுதான் சொன்னாரு. நான் அழுதேன். அப்புறம் எனக்கு ஒரு வாய், அவருக்கு ரெண்டு வாய். வழிச்சு வழிச்சுத் தின்னாருடா. சிரிச்சாரு. அப்படியே தூங்கிட்டாரு."

பிசைந்த சோறு என் விரல்களில் அப்படியே நின்றது.

என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் தெருக்கதவைப் பார்த்தேன். திறந்துகிடந்தது. அடுத்த வீட்டுக்காரர் வெளியே யாருடனோ பேசிக்கொண்டு நின்றார்.

எச்சில் கையோடு எழுந்து போய்ச் சாத்தினேன். சிலை, கல்வெட்டு, இத்தனை ஆண்டுகளாக நான் பேசிய பேச்சு எல்லாம் காதுக்குள் இரைந்தன.

தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் அடுத்தது உறைத்தது. கதவிலேயே சாய்ந்து நின்றேன்.

"ஏண்டா பேசாம நிக்கிற? நான் ஊட்டுனது தப்பா? பசியோட போகலை எங்கப்பா, அந்த ஒரு நிம்மதியிலதான் இத்தனை வருஷம் இருந்துட்டேன். நீ படிச்சவன், சொல்லு."

காலமெல்லாம் டாக்டராக வேலை பார்த்தவன் நான். வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த உடம்புக்கு முதல் சோறு எப்படிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். கஞ்சியாக, கரண்டி கரண்டியாக. வயிறு முட்டக் கொடுத்தால் இதயம் தாங்காது.

பட்டினி அவரைக் கொல்லவில்லை.

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காது கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"தப்பே இல்ல அத்தை. நீங்க ஊட்டலைன்னாலும் அன்னிக்கே போயிருப்பாரு, பசியோட."

ஒரு நோயாளியின் மகளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.