நெஞ்சு உயரத்தில் மூன்று படங்கள்

மருமகளிடம் நான் நேராகப் பேசிப் பத்து மாதம் ஆகிறது. ஹால் நடுவே கிடந்த என் மர நாற்காலியை என்னைக் கேட்காமல் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். நான் மறக்கவில்லை.

அதனால் படக்கடையில் சொல்ல வேண்டியதையெல்லாம் கடைக்காரரிடமே சொன்னேன், அவள் காதில் விழும்படி.

“தம்பி, வீட்டையே சாக்கு மூட்டை மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. சுவரு மண்ணு நிறம், திரை கோணி நிறம், தரையில சணல் விரிப்பு. படமாவது கலரா இருக்கட்டும். அந்தச் சிவப்புப் பூவை எடுங்க.”

“வேண்டாம் மாமா,” என்றாள் மருமகள். “முடிச்சும் பின்னலுமா, சொரசொரப்பா இருக்கறதைக் காட்டுங்க. இந்த வீட்டுக்கு அதுதான் சரி.”

கடைக்காரர் சட்டம் போட்ட மூன்றை எடுத்து வைத்தார். கயிற்று முடிச்சு ஒன்று, பிரம்புப் பின்னல் ஒன்று, செதுக்கிய மரப்பலகை ஒன்று. மூன்றும் வெளிறிப் போயிருந்தன.

மருமகளின் பக்கத்தில் நின்ற என் மனைவி தடவிப் பார்த்தாள். “மூணும் வேற வேறயா இருக்கு. போதும்மா.”

துணிக்கடையில் நாற்பது புடவையைப் புரட்டிப் போட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தவள். இப்போது ‘போதும்மா’.

“எங்க மாட்டணும் மேடம்?”

“கயிறு, அத்தை ரூம் வாசல்ல. பிரம்பு, சமையலறை வாசல்ல. பலகை, பாத்ரூம் கதவுகிட்ட. எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு.”

“பாத்ரூமுக்கா? எல்லாரும் சோபாவுக்கு மேலதான் மாட்டுவாங்க.”

“நல்லாக் கேளுங்க தம்பி,” என்றேன். “குளிக்கப் போறவங்களுக்குப் படம் காட்டுறாங்களாம். என் பொண்டாட்டி வாயையும் கட்டிப் போட்டாச்சு. அவ இருக்கிற வீட்டுல அவளுக்குப் பிடிச்ச ஒரு கலர் இருக்கக் கூடாதா?”

மருமகள் கடைக்காரரிடம் விலை கேட்டாள். அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து மாதம் கழித்து நேராகவே கேட்டேன்.

“உனக்கு அவ மேல அப்படி என்னம்மா கோபம்? சொல்லு. இல்லன்னா அவளைக் கூட்டிக்கிட்டு இன்னிக்கே தனி வீடு பார்த்துப் போயிடுறேன்.”

அவள் என் மனைவியின் பக்கம் திரும்பினாள். “சொல்லிடட்டுமா அத்தை?”

“நானே சொல்றேன்.” என்றாள் மனைவி. “வேற வீடெல்லாம் வேண்டாங்க. இந்த வீட்டுலயே இப்பத்தான் வழி பழகிக்கிட்டு வர்றேன். எது எந்தக் கதவுன்னு தொட்டுத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படமெல்லாம். எனக்கு எல்லாமே நிழலாத்தான் தெரியுது. ஒரு வருஷமா டாக்டர்கிட்ட இவதான் கூட்டிட்டுப் போறா. இனி பார்வை திரும்பாதுன்னுட்டாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்.”

கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“ஒரு தடவை சாவியைத் தொலைச்சதையே பதினோரு வருஷமா சொல்லிக் காட்டுற மனுஷன்கிட்ட, கண்ணைத் தொலைச்சுட்டேன்னு எப்படிங்க சொல்றது?”