வளராத பையனின் வேடம்

ரிஜோவை இனி ஒத்திகைக்குக் கூட்டி வர வேண்டாம் என்று டெனிஷ் சொன்னதும் சத்தியபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதையாவது முகத்தைப் பார்த்துச் சொன்னானா? போனைத் தடவிக்கொண்டே சொன்னான்.

சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதியவன் அவன்தான். ஆற்றின் நடுவே ஒரு தீவு. அங்கே போன பிள்ளைகள் ஒவ்வொருவராய்த் திரும்பி வந்து, வளர்ந்து, வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒருவன் மட்டும் வளரவே மாட்டேன் என்று அங்கேயே பறந்து திரிகிறான்.

ரிஜோவுக்கு அந்த வேடம்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து, எல்லார் வசனத்தையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். பறக்கிறேன் என்று வீட்டில் கட்டிலிலிருந்து குதித்துக் குதித்து அதன் பலகையையும் உடைத்துவிட்டான்.

வேடத்தை டெனிஷ் பிரைட்டனுக்குக் கொடுத்தான். போகட்டும். ஓரமாய் ஒரு மரமாகவாவது என் பிள்ளை நிற்கட்டுமே சார் என்று கெஞ்சினாள் சத்தியபாய்.

அதுவும் கூடாதாம். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் முறையிட்டார்களாம். அவன் பக்கத்தில் தங்கள் பிள்ளைகளை நிறுத்த மாட்டார்களாம். அடப்பாவிகளா, அவன் யாரைக் கடித்தான்?

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா என்று எத்தனையோ பொறுத்தவள்தான் அவள்.

மேடையில் பிரைட்டன் தெர்மோகோல் சிறகைக் கட்டிக்கொண்டு, வசனம் மறந்து திருதிருவென்று விழித்தான். ரிஜோ பின்பெஞ்சிலிருந்து கூவி எடுத்துக் கொடுத்தான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டெனிஷும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதுவரை சார் போட்டுப் பேசியவளுக்கு வாயில் வேறு பேச்சு வந்தது.

"ஏலே டெனிஷே, இந்தத் தீவும் பறக்குததும் உனக்க கதையாலே? எங்க வீட்டு முற்றத்துல நீயும் இவனும் ஓலைச் செறகு கட்டி வெளையாடுனதுதானே? ரெண்டுவேரும் ஒரே பெஞ்சுல இருந்து படிச்சவனுவதானே? நீ வளந்துட்ட, நல்லா இரு மக்கா. இவன வச்சு கதை எழுதுவ, இவன மேடையில ஏத்தமாட்டியா?"

டெனிஷ் குனிந்து தன் வழுக்கையைத் தடவினான்.

ரிஜோவுக்கு ஒன்றும் எட்டவில்லை. தன்னை ஆட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தான். டெனிஷின் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் நீ பற, பிறகு நான் என்றான்.

டெனிஷ் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

அதைக் கண்டதும் அவளுக்கு இன்னும் கொதித்தது. வா மக்கா போகலாம் என்று மகனைப் பிடித்து இழுத்தாள். அவள் பலம் போதவில்லை. காலையில் அவசரமாக அவள் மழித்துவிட்ட அவன் தாடையில் இரண்டொரு நரைமுடி மிஞ்சியிருந்தது.