புயல் துரத்தப் போன றோல்ஸ்

"இஞ்சாரும், நான் வெள்ளையளோட போறன். மணக்கிற சாப்பாடு ஒண்டும் வைக்காதையும்."

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய கிரவீனில், இந்திரகுமார் வீட்டுக் குசினியில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்கும் வசனம் இது. ஒரு வருஷமாகக் கேட்கிறது.

மனுசனுக்கு நாற்பத்தெட்டு வயதில் ஒரு புதுப் பைத்தியம். வேலையிடத்து நண்பன் கெவினும் இன்னும் இரண்டு பேரும், எங்கே இடி மின்னலோடு புயல் கிளம்புகிறதோ அங்கே காரில் துரத்திக்கொண்டு போய்ப் படமெடுப்பார்கள். அந்தக் காரில் நாலாவது ஆள் இந்திரகுமார்.

"ஊரில புயல் வந்தா நாங்கள் பள்ளிக்கூடத்துக்குள்ள ஓடி ஒளிச்சனாங்கள். இஞ்ச நீங்கள் அதைத் துரத்துறியள்!" என்று மனைவி யோகராணி முதல்நாள் தலையில் கைவைத்தாள். பிறகு, "சரி, துரத்துறதெண்டாலும் வெறும் வயித்தோட துரத்தேலாது" என்று அவளே சமாதானமாகி, இறைச்சிக் கறியை உள்ளே வைத்துச் சுருட்டிய இருபத்தைந்து மட்டன் றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள்.

கிரவீனிலும் பெண்டில் ஹில்லிலும் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும், கேக்கை வெட்ட முதலே யோகராணியின் றோல்ஸ் முடிந்துவிடும். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

திரும்பி வந்த இந்திரகுமார் வெறும் பெட்டியை நீட்டி முகத்தைச் சுளித்தார்.

"ஒருத்தரும் தொடேல்லை. உறைப்பாம், மணமாம். நீர் மனம் நோகக்கூடாதெண்டு முழுக்க நானே திண்டனான்."

"இருபத்தைஞ்சையுமோ?"

"வேற என்ன செய்யிறது? காகத்துக்கே போடுறது?"

யோகராணிக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி அவமானம், பாதி புருஷன் மேல் பாசம்.

பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் இதே கதைதான். அவர் வேண்டாம் என்பார். அவள் ரோஷத்தில் இன்னும் நன்றாகச் செய்து வைப்பாள். பெட்டி வெறுமையாக வரும். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விடுவார். இவ்வளவு தின்றும் மனுசன் ஒரு கிலோ கூடவில்லை. அதை யோசிக்க யோகராணிக்குத் தோன்றவேயில்லை.

நடுவில் அவர் பாடமும் எடுப்பார். "பயணச் சாப்பாடெண்டா ஒரு கையால சாப்பிடக்கூடியதா இருக்கவேணும். சிந்தக்கூடாது. வெக்கைக்குப் பழுதாகக்கூடாது. புயலுக்குப் பின்னால ஓடேக்கை கடையுமில்லை, நிப்பாட்டிச் சாப்பிட நேரமுமில்லை."

"றோல்ஸும் அப்பிடித்தானே?"

"அது எங்களுக்கு. அவங்களுக்குப் பாணும் சீஸும் காணும்."

"கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன கிழமை டொக்டர், இந்திரகுமாருக்குக் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார். யோகராணி நடுங்கிப்போனாள். எல்லாம் தன் றோல்ஸால் வந்த வினை!

இந்தச் சனிக்கிழமை அவள் எண்ணெய்ச்சட்டியைத் தொடவில்லை.

பெட்டியைத் தூக்கிய இந்திரகுமார் திடுக்கிட்டார். "என்ன, பாரமே இல்லை?" திறந்து பார்த்தார். பாண், சீஸ், வெள்ளரிக்காய், நாலு அப்பிள்.

"றோல்ஸ் எங்க?"

"நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள். இனி எனக்காகக் கஷ்டப்பட்டுத் தின்னவேண்டாம்."

"வேண்டாமெண்டனான்தான்... அதுக்காக வைக்காமலே விடுறதே?"

"ஒருத்தரும் தொடாத சாப்பாட்டுக்கு ஏன் இப்பிடிப் பதறுறியள்?"

அவர் பெட்டியை மூடுமுன்னே வாசலில் கார் ஹோர்ன் அடித்தது. வழக்கமாக அவர் பெட்டியோடு சந்தியில் போய் நிற்பார். "கார் வீட்டை வந்தா உமக்குக் கரைச்சல்" என்று காரணமும் சொல்வார். இன்று நேரம் பிந்தியதால் கார் வீட்டுக்கே வந்துவிட்டது.

"நீர் உள்ள இரும், நான் போறன்!" என்று இந்திரகுமார் பாய்ந்தார். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு கெவின் குசினிக்கே வந்துவிட்டான். ஆறடி மனிதன். வந்தவன் உரிமையோடு பெட்டியை வாங்கித் திறந்தான். அவன் முகம் செத்தவீட்டுக்கு வந்தவன் முகம் போல ஆகிவிட்டது.

"இந்திரா, எங்கே நம்ம றோல்ஸ்?" என்று ஆங்கிலத்தில் அலறினான். "அதை நம்பித்தானே மூன்று பேரும் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறோம்!"

யோகராணி புருஷனைப் பார்த்தாள். கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவர் அசையாமல் நின்றார்.

கெவின் அவள் பக்கம் திரும்பினான். குரலை மிகவும் மென்மையாக்கிக்கொண்டான்.

"நீங்கள்தானே யோகா? இந்திரா எங்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். வெட்கப்படாதீர்கள். சமைக்கத் தெரியாதது ஒரு குற்றமில்லை. பாவம், அவர் விடிய நாலு மணிக்கே எழும்பி, உங்கள் நித்திரையைக் குழப்பாமல், தனியாக நின்று எங்களுக்குப் பொரிக்கிறாராமே! நீங்கள் கொடுத்துவைத்தவர்."

 ஒரு வருஷ அவமானத்தின் காரணம் யோகராணிக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், புருஷனின் மானம் கப்பலேறிவிடும். இந்திரகுமார் கண்ணாலேயே கெஞ்சினார்.

அவளோ கெவினுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். தன் ஏப்ரனைக் கழற்றிப் புருஷனின் கழுத்தில் மாட்டி, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இருங்கோ கெவின், இப்பவே பொரிச்சுத் தருவார்" என்று சிரித்துக்கொண்டே தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்பிடிச் செய்யிறாரெண்டு நானும் இண்டைக்குத்தான் முதல்தரம் பாக்கப்போறன்."