வெள்ளை சோபா

"அண்ணி, உங்க சிம்மாசனத்தை எங்கே போடட்டும்?"

அவள் எப்போதும் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கேட்டான் கொழுந்தன்.

"வேணாம் தம்பி. நான் சோபாவிலேயே உட்கார்றேன்."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் வாங்கியிருந்த புது சோபாவைப் பார்க்கத்தான் குடும்பம் மொத்தமும் வந்திருந்தது. பால் வெள்ளை நிறம். அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

இன்னும் சற்று நேரத்தில் கொழுந்தன் எல்லோரையும் சிரிக்கவைக்கும் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

இரண்டாவது பிரசவத்தோடு அவளுக்கு ஒரு தொல்லை வந்திருந்தது. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசிந்துவிடும். அதனால் அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். கதை களைகட்டும் நேரத்தில், "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து ஓடிவிடுவாள். 'சிடுமூஞ்சி அண்ணி' என்று பெயர் வந்தது. நனைந்த புடவையோடு எழுந்து நிற்பதற்கு அந்தப் பெயர் எவ்வளவோ மேல் என்று பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மருத்துவரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. "எத்தனையோ பேருக்கு இருக்கும்மா. யாரும் வெளியே சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பரிசோதித்துவிட்டு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளை இறுக்க வேண்டும். பிறகு தளர்த்த வேண்டும். விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டில் அதற்கு ஏது நேரம்? அஞ்சலகத்தில் தபால்களுக்கு முத்திரை குத்துவது அவள் வேலை. முத்திரை உறையில் பதியும்போது இறுக்கினாள். மைப்பெட்டிக்குத் திரும்பும்போது தளர்த்தினாள். சில சமயம் கையை அந்தரத்தில் நிறுத்தி, நிதானமாக மூச்சு விட்டபடி நீண்ட நேரம் இறுக்கிப் பிடித்துவைத்தாள்.

"ஏம்மா, முத்திரை குத்துறீங்களா, தவம் பண்றீங்களா?" என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

இரண்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது.

இப்போது கூடத்தில் கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

இன்றைக்கு அண்ணன் சினிமா பார்த்த கதை. தியேட்டரில் குறட்டை விட்டுத் தூங்கிய அண்ணன், திடுக்கிட்டு விழித்து, படம் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினாராம். திரையில் கதாநாயகனின் அப்பா அப்போதுதான் உயிரை விட்டிருந்தாராம். கண்ணைக் கசக்கியபடி கைதட்டும் அண்ணனாக அவன் நடித்துக் காட்டினான்.

ஆண்டவனே, இந்த ஒரு சிரிப்பை மட்டும் காப்பாற்றிக் கொடு என்று வேண்டிக்கொண்டு, அவள் சிரித்தாள்.

வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கணவர் தன் மானம் போவதையும் மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, அண்ணிக்குப் பல்லெல்லாம் இருக்கே!" என்று கத்தினான் கொழுந்தன்.

ஒரு சொட்டுக்கூட இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பட்டமளிப்பு விழா மேடையில்கூட அவள் அப்படி நிமிர்ந்ததில்லை.

அந்தப் பெருமையோடு சுற்றிலும் பார்த்தவளின் கண், சமையலறை வாசலில் போய் நின்றது.

அங்கே நாத்தனார். சிரிக்காதவள் என்பதால் வீட்டில் எல்லோரும் அவளைக் 'கலெக்டர்' என்றே கூப்பிடுவார்கள். ஆசைப்பட்டு வாங்கிய சோபாவில் அவள் இதுவரை உட்காரவே இல்லை. இப்போது ஒரு காலோடு மறு காலைப் பின்னி, கதவு நிலையை இறுகப் பிடித்து, உதட்டைக் கடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் பொங்குது" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

சோபாவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. அடுப்பில் பாத்திரம் எதுவும் இல்லை.

அவள் எழுந்து நாத்தனாரின் பின்னாலேயே போனாள். சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"இந்தப் பாலுக்காக நானும் எத்தனை வருஷம் ஓடியிருக்கேன் தெரியுமாடி?" என்றாள்.